ஏகமனதாக

என் கையெழுத்து வடிவானது என்பதால்
சங்கத்தில் எனக்கு வேலை.
நாள்கூலி. கூட்டம் நடந்தால் இருநூறு ரூபா கூட.
பேச அல்ல, பேசுவதை எழுத.

அராலியில் எங்கள் கட்டடம்.
பின்பக்கம் போத்தல் கழுவும் தொட்டி,
முன்பக்கம் மண்டபம்.
இடையில் ஒரு கதவு, காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல்
கள்ளுப் போத்தல் ஒன்றை முட்டுக்கொடுத்திருக்கிறோம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம்.
ஐம்பத்திரண்டு அங்கத்தவர், ஐம்பத்திரண்டு கதிரை.
கணுக்காலில் தளநார் இழைத்த தழும்பு,
நெஞ்சில் மரம் தேய்த்த கறுப்பு.
இவர்களின் தகப்பன்மாரைத் தவறணைக்காரன்
வாசலில் நிறுத்தித்தான் கணக்குத் தீர்த்தான்.
இந்தக் கதிரைகள் சும்மா கிடைத்தவையல்ல.
தலைவர் தில்லைநடேசு ஒவ்வொரு வருஷமும்
அதில்தான் பேச்சைத் தொடங்குவார்,
ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும்,
அந்த நேரம் பார்த்துத்தான்
பின்கதவால் தேத்தண்ணி வரும்.

தட்டைப் பிடித்திருப்பது புஷ்பகாந்தி.
சோடாக்காரம் தின்ற விரல்கள்.
அடையாள அட்டைக்கு ரேகை எடுக்கப் போனபோது
மெசின் மூன்று தரம் இவளை இல்லை என்றது.
நாளுக்கு அறுநூறு போத்தல்.
மனுசன் பரராசா பாளை சீவப்போய்
முப்பதடியிலிருந்து விழுந்த பிறகு
அவன் பங்கு அவன் தம்பிக்குப் போனது.
தம்பி மரம் ஏறுவான், அதுதான் காரணம்.
கடன் மட்டும் ஏறத் தெரியாதவளிடம் நின்றது.

நிகழ்ச்சி நிரலில் ஏழாவது:
பின்பக்கத்துப் பத்தொன்பது பெண்கள்
அங்கத்துவம் கேட்ட விண்ணப்பம்.
படிவங்களை நான்தான் நிரப்பினேன்.
மூன்றாம் கேள்வி எல்லாருக்கும் இடறியது:
‘ஏறும் மரங்கள் எத்தனை?’
கோடு போடு என்றாள் ஒருத்தி.
பூச்சியம் எண்டு போடு, பொய்யில்லைத்தானே என்றாள் இன்னொருத்தி.
புஷ்பகாந்தி கனநேரம் யோசித்தாள்.
‘அவர் ஏறினது பதினெட்டு.
முட்டி கழுவி, சுண்ணாம்பு தடவி,
இறக்கினதை வடிச்சுக் குடுத்தது நான்.
அப்ப எனக்கு எத்தினையெண்டு எழுதுவாய்?’

மண்டபத்தில் ஒருவர் சிரித்தார்:
‘ஏறட்டுமன், ஆர் வேண்டாமெண்டது?’
எல்லாரும் சிரிக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும்.
அன்னலிங்கம் எழும்பினார், செருமினார்,
கதிரையைக் கொஞ்சம் அரக்கிப் போட்டுத்
திரும்ப இருந்துவிட்டார்.
தலைவர் என் பக்கம் பாராமலே சொன்னார்:
‘பொம்பிளையளுக்கு எதிரா ஒண்டுமில்லை.
விதி இடங்குடுக்காது. அடுத்தமுறை பாப்பம்.
பிள்ளை, எழுதும். ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது.’

கதவுக்கு அந்தப்பக்கம்
யாரோ பைப்பைப் பூட்டினார்கள்.
போத்தலோடு போத்தல் இடிபடாத அமைதியை
அந்தக் கட்டடத்தில் அன்றுதான் கேட்டேன்.

அவர் சொன்னதை எழுதினேன்.
அதன் கீழே, அதே மையில், அதே வடிவில்
இன்னும் இரண்டு வரி:
விண்ணப்பித்த பத்தொன்பது பேரும்
பின்கதவில் நின்றிருந்தனர்.
அவர்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

அடுத்த கூட்டம் மாசியில்.
சென்ற கூட்டறிக்கையை வாசித்தேன்.
அந்த இடத்தில் குரலை உயர்த்தவில்லை,
விழுங்கவும் இல்லை.
ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார்.
ஒருவருக்குக் கனடாவிலிருந்து மகள் எடுத்தாள்.
‘திருத்தம் ஏதும்?’
ஃபான் மட்டும் சுற்றியது.
முன்மொழிந்தவர் அன்னலிங்கம்.
என்னைப் பார்த்தபடி, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலான நேரம்.
வழிமொழிந்தவர் போனை இன்னும் வைக்கவில்லை.
ஐம்பத்திரண்டு கைகள்.

இனி அது சங்கத்தின் சொல்.
கீழே தலைவரின் ஒப்பம்.
அலுமாரிக்குள் கிடந்து என்ன செய்யுமோ, எனக்குத் தெரியாது.

தண்ணி குடிக்கும் சாட்டில் பின்பக்கம் போய்ச் சொன்னேன்.
புஷ்பகாந்தி கையைத் துடைக்கவில்லை.
‘எங்கட ஏழாவது இந்தமுறை எத்தினையாவது?’
‘பதினோராவது. தேத்தண்ணிக்குப் பிறகு.’
கேத்தில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.
அவள் குனிந்து
விறகை வெளியே இழுத்தாள்.
‘அப்ப, இண்டைக்குத் தேத்தண்ணி பிந்தும்.’